ஐஸ்கிரீம் கடையில் வளர்ந்த பல் மருத்துவக் கல்லூரி!



ராசிபுரத்தில் ஒரு கல்யாண வீட்டில் நடந்த சம்பவத்தோடு இந்த வாரக் கட்டுரையை ஆரம்பிக்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். முன்பற்கள் தூக்கலாக இருந்ததால் இரண்டு வருடம் பல்லில் கிளிப் போட்டிருந்தாள். அவள் அப்பா லாரி ஓட்டுபவர். மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்துத்தான் அந்தச் சிகிச்சையைச் செய்தார். அந்த இரண்டு வருடமும் ஆட்டையாம்பட்டி முறுக்கை அவள் தொடவே இல்லை. கரும்பு கடிக்கவில்லை. தட்டுவடை செட் என்றால் உயிரை விடுவாள், அதையும் விட்டுவிட்டாள். கடைசியில் கிளிப்பைக் கழற்றிய அன்று, தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டே போனாள்.

கிளிப்பைக் கழற்றிய டாக்டர், அதற்குப் பதிலாக ஒரு சின்னத் தகடு கொடுத்தார். மேல் அண்ணத்தில் ஒட்டி உட்காரும் பிளாஸ்டிக் தகடு. முன்பற்களைச் சுற்றி மெல்லிய கம்பி. இதற்கு ரீட்டெய்னர் என்று பெயர். சாப்பிடும்போது மட்டும் கழற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும், மற்ற நேரமெல்லாம் போட்டிருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

கல்யாணப் பந்தியில் அவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள். அதனால் தகட்டைக் கழற்றி, கை துடைக்கும் காகிதத்தில் சுற்றி, இலை ஓரத்தில் வைத்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவ ஓடினாள். இலையை மடித்தது நான்தான். காகிதத்தையும் சேர்த்து மடித்துவிட்டேன்! சற்று நேரத்தில் நினைவு வந்து ஓடினோம். எச்சில் இலைக் கூடைகள் எல்லாம் போய்விட்டன.

அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் வீட்டில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. நானும் அவளே சொல்லியிருப்பாள் என்று இருந்துவிட்டேன். மூன்றாவது வாரம், முன்பற்களுக்கு நடுவே மெல்லிய இடைவெளி தெரிய ஆரம்பித்தது. அவள் அம்மா அதைக் கவனித்துவிட்டார். அப்புறம் என்ன? அம்மாவும் மகளும் சேலத்துக்குப் பஸ் ஏறினார்கள். தப்பில் பாதி என்னுடையது என்பதால் நானும் கூடவே போனேன்.

மருத்துவமனையில் கூட்டம். எங்கள் முறை வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவள் கவலையை மறக்கட்டுமே என்று, நம் நாட்டுப் பல் மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்படும் டாக்டர் ரபியுதீன் அகமதுவின் வரலாற்றைச் சொன்னேன். அதைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

கிராமத்தில் இருந்து அமெரிக்காவுக்கு

ரபியுதீன் அகமது 1890ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 24ஆம் தேதி பிறந்தார். ஊர், அன்றைய கிழக்கு வங்காளத்தில் உள்ள பர்தன்பாரா. அந்தப் பகுதி இன்று வங்கதேச நாட்டில் இருக்கிறது. அப்போது அது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது.

டாக்காவில் பள்ளிப் படிப்பு. பிறகு வடக்கே அலிகாரில் கல்லூரிப் படிப்பு. 1909ஆம் ஆண்டு, பத்தொன்பது வயது கூட நிரம்பாத அந்த இளைஞர் கப்பலேறி அமெரிக்கா போனார். வழக்கறிஞர் ஆகவோ அரசு அதிகாரி ஆகவோ படிக்கப் போகும் பையன்கள் அன்றைக்கு நிறையப் பேர் உண்டு. இவர் போனது பல் மருத்துவம் படிக்க!

அந்தக் காலத்தில் நம் நாட்டில் பல் மருத்துவம் எப்படி இருந்தது தெரியுமா? பல் வலி வந்தால் கிராம்பை வைத்துக் கடிப்பார்கள். அதற்கும் கேட்காவிட்டால் பிடுங்கிப் போடுவார்கள். முடி வெட்டுபவர், சந்தையில் கடை விரிப்பவர் என்று யார் வேண்டுமானாலும் பல் பிடுங்கலாம். அதற்குப் படிப்பு வேண்டும், பதிவு வேண்டும் என்ற சட்டமே கிடையாது. நான் சிறு வயதில் இருந்தபோது கூட, வாரச் சந்தையில் ஒருவர் பாயை விரித்து, பிடுங்கிய பற்களைக் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குவியல் பெரிதாக இருந்தால் அவர் பெரிய கெட்டிக்காரர் என்று அர்த்தம்!

அகமது, அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்தார். 1915இல் பல் மருத்துவத்தில் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு.

குழந்தைகளின் மருத்துவமனை

பட்டம் வாங்கியவர் உடனே ஊர் திரும்பவில்லை. பாஸ்டன் நகரத்தில் ஃபோர்சைத் என்ற பல் மருத்துவமனை இருந்தது. 1914இல் தொடங்கிய அந்த மருத்துவமனை, குழந்தைகளுக்கென்றே கட்டப்பட்டது. ஏழை வீட்டுக் குழந்தைகளும் அங்கே நல்ல சிகிச்சை பெற முடிந்தது. அகமது 1918 வரை அங்கே வேலை பார்த்தார். உலகத்தில் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை.

பல் சிகிச்சை என்றால் பிடுங்குவது மட்டுமல்ல, பல்லைக் காப்பாற்றுவதே முதல் வேலை என்பது அங்கே அன்றாடப் பாடம். சின்ன வயதிலேயே பல்லைக் கவனித்தால் பெரிய வயதில் துன்பம் இல்லை என்பது இன்னொரு பாடம்.

அதே காலத்தில் அமெரிக்காவில் இன்னொரு புதுத் துறையும் வளர்ந்துகொண்டிருந்தது. கோணலான பற்களை நேராக்கும் துறை! எட்வர்ட் ஆங்கிள் என்ற டாக்டர், பல் வரிசைக் கோளாறுகளை 1899இல் வகை பிரித்துக் காட்டினார். 1900இல் அதைக் கற்பிப்பதற்கென்றே செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு பள்ளி நடத்தினார்.

பல்லை நகர்த்துவதில் ஒரு சிக்கல் இருந்தது. கஷ்டப்பட்டு நேராக்கிய பல், கம்பியை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்தி வைக்க ஒரு சாதனம் தேவைப்பட்டது. சார்லஸ் ஹாலி என்ற அமெரிக்க டாக்டர், கழற்றி மாட்டக்கூடிய ஒரு தகட்டைப் பற்றி 1919இல் கட்டுரை எழுதினார். அண்ணத்தில் உட்காரும் தகடு, முன்பற்களைத் தழுவிப் போகும் கம்பி. ராசிபுரத்துப் பந்தியில் நான் இலையோடு மடித்தேனே, அது இந்தத் தகடுதான்! நூறு வருடம் தாண்டியும் ஹாலி தகடு என்றே அதைச் சொல்கிறார்கள்.

இதே 1919இல்தான் நம் ரபியுதீன் அகமது இந்தியாவுக்குத் திரும்பினார்.

பணம் எங்கே?

கல்கத்தா அப்போது பெரிய நகரம். அமெரிக்காவில் படித்த பல் டாக்டர் என்றால் செல்வந்தர்கள் தேடி வருவார்கள். ஒரு மருத்துவமனை வைத்து வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அகமது வேறு கணக்குப் போட்டார். தான் ஒருவன் எத்தனை பேருக்கு வைத்தியம் பார்க்க முடியும்? நூறு பேரைப் படிக்க வைத்தால் அந்த நூறு பேரும் ஆயிரம் ஆயிரம் பேருக்குப் பார்ப்பார்களே!

1920ஆம் ஆண்டு, கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அது. அப்போது அவருக்கு வயது இருபத்து ஒன்பது!

கல்லூரி என்றால் செலவு இருக்கிறதே. நாற்காலி, கருவிகள், மருந்து, வாடகை, சம்பளம். பல் மருத்துவத்தை யாரும் பெரிய படிப்பாக மதிக்காத காலம். மாணவர்களும் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வந்தார்கள். பிறகு பணத்துக்கு எங்கே போவது?

அகமது ஒரு கடை திறந்தார். கடையின் பெயர் நியூயார்க் சோடா ஃபவுண்டன். அங்கே ஐஸ்கிரீம் விற்றார்கள்! அமெரிக்காவில் அவர் பார்த்த கடைகளைப் போன்ற கடை. அந்தக் கடையின் வருமானத்தில் பல் மருத்துவக் கல்லூரி நடந்தது.

இந்த இடத்தில் அந்தப் பெண் தலையை நிமிர்த்திச் சிரித்துவிட்டாள். சிரிப்பு வராதா பின்னே? இனிப்பைத் தின்றால் பல் சொத்தையாகும். அந்த இனிப்பை விற்ற காசில் பல் டாக்டர்கள் உருவானார்கள்! ஒரு வேடிக்கையான கணக்குத்தான். ஆனால் உதவி தேடி வரும் வரை காத்திருக்காமல், தன் கையால் சம்பாதித்துத் தன் லட்சியத்துக்குச் செலவு செய்தாரே, அதுதான் பெரிய விஷயம்.

தொடங்குவது எளிது, தொடர்வது கடினம்

குழந்தைகளே, ஜனவரி முதல் தேதி டைரி எழுத ஆரம்பிப்பவர்கள் எத்தனையோ பேர். பிப்ரவரி மாதம் எழுதுபவர்கள் எத்தனை பேர்? அகமது பிப்ரவரியிலும் எழுதுகிற ரகம்!

1925இல் வங்காளப் பல் மருத்துவர்களுக்காக ஒரு சங்கம் அமைத்தார். அதே ஆண்டு பல் மருத்துவத்துக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கினார். ஏதோ இரண்டு இதழ் போட்டு விட்டுவிடவில்லை. 1946 வரை, இருபத்தோரு வருடம் அவரே ஆசிரியராக இருந்து நடத்தினார். மாணவர்களுக்கு நல்ல பாடப் புத்தகம் வேண்டும் என்பதற்காக 1928இல் ஒரு கையேடு எழுதி வெளியிட்டார்.

பெண்களும் அந்தக் கல்லூரியில் படித்தார்கள். பெண்கள் பள்ளிக்கூடம் போவதே அரிதாக இருந்த காலம் என்பதை மறக்காதீர்கள். முகமது அலி ஜின்னாவின் தங்கை பாத்திமா ஜின்னா அங்கே படித்தவர்தான். 1923இல் அவர் பம்பாயில் பல் மருத்துவமனை திறந்தார்.

கல்லூரி வளர்ந்தாலும் ஒரு குறை இருந்தது. படித்தவரும் பல் பிடுங்கலாம், படிக்காதவரும் பிடுங்கலாம் என்ற நிலை மாறவில்லையே! சட்டம் வேண்டும் என்று அகமதுவும் அவரைப் போன்றவர்களும் விடாமல் முயன்றார்கள். 1939இல் வங்காளத்தில் பல் மருத்துவர் சட்டம் வந்தது. நாடு விடுதலை அடைந்த மறு ஆண்டு, 1948இல், இந்தியா முழுமைக்கும் பல் மருத்துவர்கள் சட்டம் வந்தது. முறையாகப் படித்துப் பதிவு செய்தவரே பல் மருத்துவர் என்ற விதிக்கு அந்தச் சட்டம்தான் அடிப்படை போட்டது.

1920க்கும் 1948க்கும் நடுவே எத்தனை வருடம்? இருபத்தெட்டு! அத்தனை வருடம் பொறுமையாக உழைத்திருக்கிறார்.

கையைத் திறந்து கொடுத்தார்

1947இல் நாடு இரண்டாகப் பிரிந்தது. அகமது பிறந்த ஊர் பாகிஸ்தான் பக்கம் போயிற்று. அவரோ தான் வளர்த்த கல்லூரி இருந்த கல்கத்தாவிலேயே தங்கினார்.

1949இல், ஒரு முக்கியமான காரியம் செய்தார். இருபத்தொன்பது வருடம் பெற்ற பிள்ளையைப் போல வளர்த்த கல்லூரியை மேற்கு வங்க அரசிடம் ஒப்படைத்தார். கல்லூரி கல்கத்தா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தனி மனிதர் ஒருவரின் ஆயுளுக்கு எல்லை உண்டு. அரசும் பல்கலைக்கழகமும் தாங்கி நின்றால் கல்லூரி தலைமுறை தலைமுறையாக நிற்கும் அல்லவா?

1950 முதல் 1962 வரை மேற்கு வங்க அரசில் அமைச்சராகவும் பணியாற்றினார். 1964இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1965ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் தேதி, எழுபத்து நான்காவது வயதில் மறைந்தார்.

அவர் தொடங்கிய கல்லூரி இன்றும் கொல்கத்தாவில் இருக்கிறது. டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி என்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவருடைய பிறந்த நாளான டிசம்பர் 24, நம் நாட்டில் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

நம் தமிழ்நாட்டில் 1953இல்தான் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது. இன்று சேலத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, திருச்செங்கோட்டில் இருக்கிறது. லாரி ஓட்டுபவர் மகளும் பஸ் ஏறிப் போய்ப் பல்லைச் சீர்செய்துகொள்ள முடிகிறது. அதற்கெல்லாம் முதல் விதை, கல்கத்தா ஐஸ்கிரீம் கடைக்காரர் போட்டது!

பல் ஏன் திரும்பிப் போகிறது?

கதை முடிவதற்கும் எங்கள் முறை வருவதற்கும் சரியாக இருந்தது. டாக்டரம்மா திட்டவில்லை. பல் ஏன் இப்படிச் செய்கிறது என்று பொறுமையாக விளக்கினார்.

வீட்டுக்கு கான்கிரீட் தளம் போடும்போது பார்த்திருப்பீர்கள். கீழே சென்ட்ரிங் பலகை அடித்து, முட்டுக் கொடுத்திருப்பார்கள். கலவை கொட்டிய மறுநாளே பலகையைப் பிரித்தால் என்ன ஆகும்? தளம் இறங்கிவிடும்! கலவை இறுகும் வரை முட்டு நிற்கத்தான் வேண்டும்.

பல்லும் அப்படியே. பல் நேராக எலும்பில் ஒட்டியிருக்கவில்லை. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே நுண்ணிய நார்கள் இருக்கின்றன. கிளிப் போட்டுப் பல்லை மெல்ல நகர்த்தும்போது, ஒரு பக்கம் எலும்பு கரைகிறது, மறு பக்கம் புது எலும்பு உருவாகிறது. நார்கள் இழுபட்டு நிற்கின்றன. கிளிப்பைக் கழற்றியதும் அந்த நார்கள் ரப்பர் போலப் பழைய இடத்துக்கு இழுக்கும். நார்கள் புது இடத்துக்குப் பழகப் பல மாதங்கள் ஆகும். ஈறில் உள்ள சில நார்களுக்கு ஒரு வருடம் கூட ஆகலாம். அதுவரை பல்லுக்கு முட்டுக் கொடுப்பதுதான் ரீட்டெய்னர்.

ரீட்டெய்னரில் பல வகை உண்டு. கம்பி வைத்த தகடு ஒன்று. கண்ணாடி போலத் தெரியும் மெல்லிய பிளாஸ்டிக் உறை இன்னொன்று. பல்லுக்குப் பின்னால் ஒட்டிவிடும் கம்பி மற்றொன்று. இதைக் கழற்ற முடியாது. யாருக்கு எது சரி, எத்தனை காலம் போட வேண்டும் என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். பெரும்பாலும் முதல் சில மாதம் பகலும் இரவும், பிறகு இரவில் மட்டும் என்று சொல்வார்கள்.

ரீட்டெய்னர் போடும் செல்லங்களுக்கு...

* சாப்பிடும்போது கழற்றினால் பெட்டியில் மட்டுமே வையுங்கள். காகிதத்தில் சுற்றாதீர்கள், சட்டைப் பையில் போடாதீர்கள். நாய்க்குட்டி வளர்ப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். அதற்கு இது நல்ல கடிக்கும் பொருள்!

* கழற்றியதும் சாதாரணத் தண்ணீரில் அலசுங்கள். தினமும் மென்மையான பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். பற்பசை சில சமயம் தகட்டில் கீறல் போட்டுவிடும், எதைக் கொண்டு கழுவலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

* வெந்நீர் கூடவே கூடாது. தகடு வளைந்துவிடும். நம் ஊர் வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விட்டு வைக்காதீர்கள்.

* ஐஸ்கிரீம், ஜூஸ், காபி எல்லாம் தகட்டைக் கழற்றிய பிறகுதான். பிறகு வாய் கொப்பளித்துவிட்டு மாட்டுங்கள்.

* நாக்கால் தள்ளித் தள்ளி விளையாடாதீர்கள். கம்பி தளர்ந்துவிடும். கம்பி வளைந்தால் நீங்களே நிமிர்த்தவும் வேண்டாம்.

* பல்லின் பின்னால் ஒட்டிய கம்பி என்றால், அதைச் சுற்றி அழுக்குச் சேராமல் நன்றாகத் துலக்குங்கள். ஒட்டு விட்டுப்போனால் உடனே போய்க் காட்டுங்கள்.

* எல்லாவற்றையும் விட முக்கியம்: தொலைந்தாலோ உடைந்தாலோ அன்றைக்கே அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். திட்டு ஒரு நாளில் போய்விடும். பல் நகர்ந்துவிட்டால் மீட்பது கஷ்டம்.

அந்தப் பெண்ணின் பல் கொஞ்சமே நகர்ந்திருந்தது. நல்ல வேளையாக மறுபடியும் கிளிப் போட வேண்டியிருக்கவில்லை. டாக்டரம்மா அளவு எடுத்து, முன்பற்களை உள்ளே தள்ளும்படி கம்பியைச் சரிசெய்து புதுத் தகடு கொடுத்தார். அதற்கான பணத்தில் பாதியை நான் கொடுத்தேன். அவள் அம்மா வேண்டாம் என்றார். இலையை மடித்தவர் கொடுக்கத்தான் வேண்டும் என்று நான் விடவில்லை.

இப்போது அவள் பள்ளிப் பையில் ஒரு சின்னச் சிவப்புப் பெட்டி கயிற்றில் கட்டித் தொங்குகிறது. பந்தியில் உட்காரும்போது முதலில் அந்தப் பெட்டியைத் திறந்து வைக்கிறாள். இடைவெளி மூடி, பல் பழையபடி வரிசைக்கு வந்துவிட்டது. இரவு படுக்கப் போகும் முன் தகட்டை மாட்ட அவளுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

குழந்தைகளே! ஒரு நல்ல காரியத்தைச் செய்து முடிப்பது பாதி வேலை. அது கலைந்து போகாமல் காப்பது மீதி வேலை. ரபியுதீன் அகமது 1920இல் கல்லூரி தொடங்கியதோடு நிறுத்தியிருந்தால், அது சில வருடத்தில் மூடப்பட்டிருக்கும். நாம் இன்று அவரை நினைத்திருக்கவும் மாட்டோம். நீங்கள் கற்ற பாடம், பழகிய நல்ல பழக்கம், சம்பாதித்த நல்ல பெயர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

வரும் டிசம்பர் 24 அன்று, உங்கள் பல் டாக்டருக்கு ஒரு வாழ்த்துச் சொல்லுங்கள். வாழ்த்தும்போது பல் தெரியச் சிரிக்க மறக்காதீர்கள்!